பின்னறைக்கு இரண்டு பேராசிரியர்கள்

தன் அறைக்கு வருகிறவர்களைச் சர்வே சார் தலை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது கேஸ் மேடத்துக்கு நான்காவது வாரம்தான் தெரிந்தது.

அதுவும் நூலகர் சொல்லித்தான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த சார் இங்க பேப்பர் படிக்க வரல."

"பின்னே?"

"உங்க ரூமுக்குள்ள யார் போனாலும் நோட்டுல ஒரு கோடு போடறார். வெளியே வந்தா கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதறார். காலையிலேருந்து ஒரே பக்கத்தைத்தான் விரிச்சு வெச்சிருக்கார். அதுவும் டெண்டர் விளம்பரம்."

கேஸ் மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிப்புக் கூடத்தைப் பார்த்தார். ஜன்னலோர மேஜையில் பேப்பருக்குப் பின்னால் சர்வே சாரின் வழுக்கை பளபளத்தது. வருஷக்கணக்கில் பார்த்துச் சலித்த வழுக்கை. அதற்கு முன்பு அங்கே இருந்த முடியையும் அவர் பார்த்திருக்கிறார். அதையும் பிடிக்காது.

இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே சமூகப்பணித் துறையில் பேராசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். பெயர்கள் மாணவர்கள் வைத்தவை. தனி மனிதர்களை ஒவ்வொரு கேஸாக எதிரில் உட்கார வைத்து அவர்கள் சிக்கலைப் பேசித் தீர்ப்பது எப்படி என்று பாடம் நடத்தியவர் கேஸ் மேடம். ஊரைக் கூட்டி, கணக்கெடுத்து, மனுப் போட்டுக் காரியம் சாதிப்பது எப்படி என்று நடத்தியவர் சர்வே சார். "ஒருத்தி அழறதைக் கேட்டுட்டே உட்கார்ந்திருந்தா ஊர் மாறிடுமா?" என்பார் அவர். "ஊரை மாத்தக் கிளம்பினவருக்கு எதிர்வீட்டுக்காரர் பேர் தெரியாது" என்பார் இவர். கல்லூரியில் இருவர் அறைக்கும் நடுவில் ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்பு மட்டும்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் முகம் சுளிக்கும்.

அந்தத் துறையில் ஓய்வு பெற்ற யாருமே ஓய்வெடுத்ததில்லை. துறைத் தலைவராக இருந்தவர் சிறைக்குப் போய், கைதிகளுக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறார். இன்னொரு அம்மாள் குடிகாரர்களின் மனைவிமாரைத் திரட்டி வாரம் இரண்டு நாள் நடைப்பயிற்சிக்கு இழுத்துப் போகிறார். ஓய்வு பெற்றதும் நிஜமாகவே வீட்டில் உட்கார்ந்துவிட்ட ஒரே ஒருவரை, மற்றவர்கள் பழம் வாங்கிக்கொண்டு போய் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

கேஸ் மேடம் இந்தக் கிளை நூலகத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கியிருந்தார். செவ்வாய், வியாழன், பத்திலிருந்து பன்னிரண்டு வரை இலவச ஆலோசனை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சத்தம் போடாத ஒரு மின்விசிறி. அறையின் பெரிய சௌகரியம், அதன் கதவு வார இதழ்கள் அடுக்கியிருக்கும் அலமாரிக்குப் பின்னால் இருந்ததுதான். உள்ளே போகிறவள் பத்திரிகை எடுக்கப் போகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சர்வே சார் மூத்தோர் மன்றம் என்று ஒன்று ஆரம்பித்து நாற்பத்திரண்டு பேரைச் சேர்த்திருந்தார். அவர்கள் கூடும் இடம் நூலகத்தின் ஸ்கூட்டர் நிறுத்தும் தகரக் கொட்டகை. போன மாதம் வெயில் தாங்காமல் ஓர் உறுப்பினர் மயங்கி ஒரு ஸ்கூட்டர் மேலேயே சரிந்துவிட்டார். அன்றிலிருந்து சர்வே சாருக்குப் பின்னறை மேல் கண்.

"வார்டு ஆபீஸ்ல மனு கொடுத்திருக்கார் மேடம்" என்றார் நூலகர். "திங்கக்கிழமை பதினோரு மணிக்கு உங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க."

கேஸ் மேடத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அறைக்காக அல்ல. அரை மணி நேரத்துக்கு முன்புதான் அந்த அறையிலிருந்து தையல்காரி எழுந்து போயிருந்தாள்.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண். வியாழன் அவளுக்கு வார விடுமுறை. நூலகத்துக்குப் பத்திரிகை படிக்கப் போகிறாள் என்று வீட்டில் நினைப்பு. ஐந்து வாரமாக வருகிறாள். முதல் மூன்று வாரம் ஊசி முறிவது, நூல் அறுவது பற்றி மட்டுமே பேசினாள். நான்காவது வாரம் பேசாமல் ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். இன்றைக்கு வாய்விட்டுச் சொன்னாள்.

"அடுத்த வியாழக்கிழமை என் சர்டிபிகேட், பாஸ்புக் எல்லாம் பையில போட்டு எடுத்துட்டு வந்திடறேன்மா. அப்படியே நீங்க சொன்ன அந்தப் பெண்கள் விடுதிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. திரும்பி வீட்டுக்குப் போனா எனக்குத் தைரியம் வராது."

அவளுக்குப் போன் செய்ய முடியாது. அவள் புருஷன் தினமும் போனை வாங்கி நோண்டுகிறவன். ஆக, அடுத்த வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

*

"அத்தை, நேராப் போய் விஷயத்தைச் சொல்லிடுங்களேன்" என்றாள் மருமகள், அன்று ராத்திரி வீட்டில்.

"வர்றவங்க விஷயத்தை வெளியே சொல்றதுக்கு நான் எதுக்கு?"

"பேர் சொல்ல வேண்டாம். முக்கியமான ஆள் ஒருத்தர் வர்றாங்கன்னு..."

"அந்த ஆளுக்கு அது போதும். மறுநாள் வாசல்ல நின்னு யார் யார்னு ஆராய்ச்சி பண்ணுவார்."

மகன் சிரித்தான். "அப்ப என்னம்மா பண்ணப் போறீங்க? சண்டையா?"

"வாயே திறக்க மாட்டேன். நான் திறக்காம இருந்தா அவர் திறப்பார். திறந்தா உளறுவார்."

இது வெற்று வீறாப்பு இல்லை. எதிரில் இருப்பவர் பேசத் தயங்கும்போது நாம் பேசி இடைவெளியை நிரப்பக் கூடாது; மௌனத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவரே பேசுவார் என்பது கேஸ் மேடம் வருஷா வருஷம் நடத்திய பாடம். அந்தப் பாடத்தை அவர் ஆலோசனைக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. துறைக் கூட்டங்களில் சர்வே சார் மீதும் பிரயோகித்திருக்கிறார். சரியாக ஆறாவது நிமிஷம் மனிதர் உடைந்துவிடுவார். "சரி மேடம், நீங்களே வெச்சுக்கங்க" என்று கத்திவிட்டுப் போவார். ஜன்னல் வைத்த அறை அப்படித்தான் கிடைத்தது. காலை நேர வகுப்புகள் அப்படித்தான் கிடைத்தன. மாணவர்களைக் களப்பணிக்குக் கூட்டிப் போகும் வண்டிகூட அப்படித்தான்.

*

வார்டு அதிகாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். மேஜையில் கோப்புகள் கழுத்தளவு. இருவரையும் எழுந்து நின்று வரவேற்றார்.

"சார், மேடம், ரெண்டு பேரும் பெரியவங்க. புரொபசர்ஸ். நான் உங்களுக்கு நியாயம் சொல்ற அளவுக்குப் பெரிய ஆள் இல்ல. நீங்களே பேசி முடிங்க. எதைச் சொல்றீங்களோ அதுல கையெழுத்துப் போட்டுடறேன். பதினொண்ணரைக்கு எனக்கு இன்னொரு மீட்டிங்."

சர்வே சார் ஒரு தாளை விரித்தார். கட்டங்கள், நிறங்கள், கீழே குறிப்பு எல்லாம் இருந்தது.

"எட்டு நாள் கணக்கு. பதினாறு மணி நேரம். பின்னறைக்குள்ள போனவங்க மொத்தம் ஒன்பது தடவை. அதுல ரெண்டு பேர் பாத்ரூம் எங்கேன்னு கேக்கப் போனவங்க."

அதிகாரி சிரிப்பை இருமலாக்கினார்.

"வேவு பார்த்திருக்கீங்க" என்றார் கேஸ் மேடம்.

"பொது இடத்துல உட்கார்ந்து எண்ணினா வேவு இல்ல மேடம், ஆய்வு. நாற்பத்திரண்டு பேர் வெயில்ல கருகறாங்க. நீங்க ஏழு பேருக்கு மின்விசிறி போட்டுட்டு உட்கார்ந்திருக்கீங்க. இல்ல, கணக்கு தப்புன்னா உங்க ரிஜிஸ்டரைக் காட்டுங்க."

"ரிஜிஸ்டரைக் காட்ட முடியாது."

"இருந்தாத்தானே காட்டறதுக்கு!"

"உங்க கிட்ட காட்டறதுக்கு இல்ல."

"இப்படியேதான் சார்" என்று அதிகாரியிடம் திரும்பினார் சர்வே சார். "இருபத்தாறு வருஷமா எதைக் கேட்டாலும் ரகசியம். இவங்க டீ குடிச்சாங்களா இல்லையாங்கறதுகூட ரகசியம்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. "மேடம், நீங்க என்ன சொல்றீங்க? செவ்வாய், வியாழன் மட்டும் உங்களுக்கு, மத்த நாள் சாருக்குன்னு வெச்சுக்கலாமா? ரெண்டு பேரும் சரின்னா எழுதிடறேன்."

அப்போது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சர்வே சாரின் முகத்தில் ஒரு தவிப்பு ஓடியதைக் கேஸ் மேடம் பார்த்துவிட்டார். இந்த ஆள் இப்போது இறங்கி வருவார். முதலில் அவர் வாயிலிருந்து வரட்டும். கேஸ் மேடம் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, வாயை மூடிக்கொண்டார்.

ஒரு நிமிஷம். இரண்டு. மின்விசிறி சுற்றியது. அதிகாரி ஒரு கோப்பை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நான்கு. ஐந்து.

ஆறாவது நிமிஷம் சர்வே சார் வாயைத் திறந்தார். கேஸ் மேடம் உள்ளுக்குள் புன்னகைத்தார். ஆனால் அவர் கொட்டாவிதான் விட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார், மாட்டிக்கொண்டார், கைகளை மடியில் கோத்தார், முதுகை நிமிர்த்தினார்.

கேஸ் மேடத்துக்குப் பகீரென்றது. இருபத்தாறு வருஷம் எதிரில் உட்கார்ந்து அடி வாங்கியவர் பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தார்.

இனி பேசினால் தோல்வி. எட்டு நிமிஷம். பத்து. அதிகாரிக்குப் போன் வந்தது, பேசினார், வைத்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார்?" என்றார். பதில் இல்லை. "மேடம்?" என்றார். பதில் இல்லை. சர்வே சாரின் தொண்டைக் குழி ஒருமுறை ஏறி இறங்கியது. இதோ, இன்னும் அரை நிமிஷம், உடையப் போகிறார். கேஸ் மேடம் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு எழுத்தர் வந்தார். "சார், நம்ம மீட்டிங் ஹாலை ரிப்பேருக்குக் காலி பண்ணணும். பழைய நாற்காலி நூத்திப்பத்து கிடக்கு. எங்க போடறதுன்னு கான்ட்ராக்டர் உயிரை வாங்கறார்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று முப்பது. எதிரில் இரண்டு சிலைகளைப் பார்த்தார்.

"இருபது நிமிஷம் கொடுத்தேன். ரெண்டு பேருக்குமே அந்த ரூம் அவ்வளவு அவசியம் இல்லைன்னு எடுத்துக்கறேன்" என்றபடி எழுத்தரின் கோப்பில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நூலகப் பின்னறையில போடுங்க."

இரண்டு சிலைகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன.

"சார், ஒரு நிமிஷம்!"

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"மூணு மாசம் கழிச்சு மனு கொடுங்க" என்றார் அதிகாரி, எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. கோப்பு ஏற்கெனவே எழுத்தரின் அக்குளில் போய்க்கொண்டிருந்தது.

தாழ்வாரத்தில் வெடித்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் கேஸ் மேடம்.

"உங்க வாயில என்ன இருந்துச்சு? செவ்வாய், வியாழன் தர்றேன்னு தட்டுல வெச்சு நீட்டினார். எடுத்துக்க வேண்டியதுதானே!"

"நீங்க சரின்னு சொல்லியிருக்கலாமே!"

"நான் ஏன் முதல்ல சொல்லணும்? இருபத்தாறு வருஷம் முதல்ல சொல்லிச் சொல்லித்தான் ஜன்னல் இல்லாத ரூம்ல வெந்தேன்."

"வியாழக்கிழமை ஒருத்தி வர்றா. உயிரைக் கையில பிடிச்சுட்டு வர்றா. அந்தக் கதவு பூட்டியிருந்தா அவ எங்க போவா?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. சர்வே சார் கணக்குத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இதை உள்ளே சொல்லியிருந்தா நானே எழுந்து போயிருப்பேன்."

"சொல்லியிருந்தா அவளுக்கு ரெண்டு கோடா போட்டிருப்பீங்க."

"ஒருத்தி வர்றா, ஒருத்தி வர்றான்னு இப்படித்தான் காலேஜ்லயும் கதை விடுவீங்க" என்றார் சர்வே சார். சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

*

வியாழக்கிழமை ஒன்பதரைக்கே கேஸ் மேடம் வார இதழ் அலமாரி பக்கத்தில் நின்றுவிட்டார். பின்னறைக் கதவில் பூட்டு. கதவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் நாற்காலிக் கால்கள் கூரை வரை மேலே பார்த்துக்கொண்டிருந்தன. பரவாயில்லை. வெளியே வாடகைக் கார் ஒன்று நிறுத்தியாகிவிட்டது. அவள் வந்ததும் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்துவிட்டால் போதும்.

பத்து இருபதுக்குச் சர்வே சார் உள்ளே வந்தார். ஜன்னலோர மேஜையில் பழைய இடத்தில் உட்கார்ந்தார். நோட்டை எடுத்தார்.

கேஸ் மேடத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. நேராகப் போனார்.

"இன்னும் என்ன எண்ணப் போறீங்க? நாற்காலியையா?"

"நீங்க சொன்ன ஆள் நிஜமா வர்றாங்களான்னு பார்க்க வந்தேன்" என்றார் அவர், நோட்டைப் பிரித்தபடி. "எதையும் சரிபார்க்காம நம்பறது என் வழக்கம் இல்ல."

"எழுந்து போங்க!"

வாசிப்புக் கூடமே நிமிர்ந்து பார்த்தது. நூலகர் உதட்டில் விரலை வைத்தபடி ஓடிவந்தார். அந்த நேரத்தில்தான் தையல்காரி வாசலில் வந்து நின்றாள். தோளில் கனமான பை. அவள் முதலில் பூட்டைப் பார்த்தாள். பிறகு நோட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் மேஜை மேல் கையூன்றிப் பேசிக்கொண்டிருந்த கேஸ் மேடத்தைப் பார்த்தாள்.

கேஸ் மேடம் திரும்பியபோது வாசலில் யாரும் இல்லை.

அறுபத்தாறு வயதில் முழங்கால் அனுமதிக்காத வேகத்தில் அவர் ஓடினார். தெருமுனைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்தார். பேச மூச்சு இல்லை. தையல்காரி பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"அந்த ஆள் யாரு?"

"அவர் வந்து..."

"நாலு வாரமா என்னைப் பார்த்துப் பார்த்து எழுதறான். எங்க வீட்டுக்காரர் அனுப்பின ஆளோன்னு ராத்திரி பூரா தூங்காம கிடந்திருக்கேன். நீங்க என்னடான்னா அவன்கூட நின்னு பேசறீங்க!"

"பேசலம்மா, சண்டை போட்டேன். அவர் என்கூட வேலை பார்த்தவர். எனக்கும் அவருக்கும் ஆகாது."

"ரூம் ஏன் பூட்டியிருக்கு?"

கேஸ் மேடம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரூம் யாருக்குன்னு கேட்டாங்க. அவர் பேசட்டும்னு நான் பேசாம இருந்தேன். நான் பேசட்டும்னு அவர் பேசல. வேற யாருக்கோ கொடுத்துட்டாங்க."

தையல்காரி அவரையே பார்த்தாள். அப்படி ஒரு பார்வையைக் கேஸ் மேடம் எந்த மாணவரிடமிருந்தும் வாங்கியதில்லை.

"இவ்வளவு படிச்சிருக்கீங்க" என்றாள் மெதுவாக. "நான் இந்தப் பையை வெச்சுக்கிட்டு நேத்துலேருந்து சோறு இறங்காம இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் யார் முதல்ல பேசறதுன்னு விளையாடிட்டு இருந்தீங்களா?"

பின்னால் ஸ்கூட்டர் வந்து நின்றது. சர்வே சார்.

"இங்கேயும் வந்துட்டீங்களா? போயிடுங்க!" என்று சீறினார் கேஸ் மேடம்.

அவர் இவரைப் பார்க்கவே இல்லை. தையல்காரியிடம் பேசினார். "நான் யாரும் அனுப்பின ஆள் இல்லம்மா. அந்த ரூமை எங்க மன்றத்துக்குக் கேக்கறதுக்காக எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணினேன். உங்க பேர், ஊர் எதுவும் எனக்குத் தெரியாது."

"என்னை என்னன்னு எழுதினீங்க?"

சர்வே சார் தயங்கினார். "கோடு... நாலு கோடு."

"எண்ணி முடிச்சாச்சில்ல? தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். தையல்காரி கேஸ் மேடம் பக்கம் திரும்பினாள்.

"விடுதி அட்ரஸ் சொல்லுங்க."

"கார் நிக்குதும்மா. நானே கூட்டிட்டு..."

"அட்ரஸை மட்டும் சொல்லுங்க."

கேஸ் மேடம் சொன்னார். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, பச்சைக் கதவு, யாரைக் கேட்க வேண்டும். "எட்டாம் நம்பர் பஸ்தான் போகும்" என்றார் சர்வே சார் அங்கிருந்தே. "பத்து ஐம்பதுக்கு ஒண்ணு இருக்கு." யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் பஸ் பத்து ஐம்பதுக்கு வந்தது. அவள் ஏறினாள். ஜன்னல் சீட் காலியாக இருந்தும் உள்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

பஸ் போன பிறகு இருவரும் நிறுத்தத்தில் நின்றார்கள்.

"பின்னாலேயே ஸ்கூட்டர்ல போய்ப் பார்த்துட்டு வரலாம். ஏறுங்க" என்றார் சர்வே சார்.

"திரும்பவும் அவளைப் பின்தொடரவா? அதுவும் உங்க வண்டியிலயா?"

"நடுவுல அவ இறங்கிட்டா?"

"இறங்கினா, நாம ரெண்டு பேரும்தான் இறக்கினோம். முதல்ல நீங்க."

"முதல்ல நீங்க" என்றார் சர்வே சார். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

கேஸ் மேடம் வீட்டுக்கு வந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மருமகள் சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. விடுதிப் பொறுப்பாளர் அவருடைய பழைய மாணவி. கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். விரல் இரண்டு முறை எண் வரை போயிற்று. வந்தவர்களைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். போனை மறுபடி மடியில் வைத்தார்.

நாலு மணிக்குப் போன் அடித்தது.

"மேடம், நான்தான். ஒருத்தங்க இங்க பத்திரமா வந்து சேர்ந்திருக்காங்க. சொல்லிடுங்கன்னு அவங்களே சொன்னதால சொல்றேன். ஆனா யாருக்குச் சொல்றதுன்னு எனக்குக் குழப்பம்."

"ஏன், என்ன சொன்னா?"

மாணவி சிரிப்பை அடக்குவது கேட்டது. "பஸ் ஸ்டாப்புல ரெண்டு பெரியவங்க அடிச்சுக்காத குறையா நின்னுட்டு இருந்தாங்களாம். அவங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வழி சொன்னாங்களாம். ஒருத்தர் நீங்கன்னு புரிஞ்சுது மேடம். இன்னொருத்தர் நம்ம சர்வே சாரா? அவருக்கும் போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?"

கேஸ் மேடம் கண்ணை மூடித் திறந்தார். சிறிது நேரம் பதில் சொல்லவில்லை. மறுமுனையில் மாணவி, பாடம் மறக்காதவள், பொறுமையாகக் காத்திருந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் கேஸ் மேடம் கடைசியில். "பஸ் நம்பர் சொன்னதெல்லாம் ஒரு வேலையா?"